அக்கா பிடித்த கத்தரிக்கோல்

பாபாசாகேப் அம்பேத்கரின் பட்டங்களை நம் தோழர்கள் மூச்சுவிடாமல் சொல்வார்கள். எல்பின்ஸ்டன், கொலம்பியா, லண்டன். அந்த வீட்டில் யாருடைய படிப்பு நின்றது என்று கேட்டால் பதில் வராது. சமூகவியல் முதுகலை முடிக்கும்வரை எனக்கும் தெரியாது.

சதாராவில் அவர் பள்ளிக்குப் போன காலத்தை ‘விசாவுக்காகக் காத்திருக்கிறேன்’ நூலில் அவரே எழுதியிருக்கிறார். ஊரில் நாவிதர்கள் இருந்தார்கள். கூலி கொடுக்க வீட்டில் காசும் இருந்தது. ஆனால் மகர் வீட்டுப் பிள்ளையின் தலையை எந்த நாவிதரும் தொடமாட்டார். அக்காதான் தம்பிகளுக்கு முடிவெட்டினார். வெட்டி வெட்டியே கைதேர்ந்தவர் ஆனார். சலவைத் தொழிலாளியும் துணி வாங்கமாட்டார் என்பதால் அதையும் அக்காமார்தான் துவைத்தார்கள். ஊர் மறுத்த வேலையெல்லாம் வீட்டுப் பெண்பிள்ளைகள் தலையில் விழுந்தது. இதை ‘பாசம்’ என்று மட்டும் சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. சாதி வசூலித்த வரி அது, கட்டியவர்கள் அக்காமார்.

தாய் பீமாபாய் முன்பே இறந்துவிட்டார். அப்பா ராம்ஜி சக்பால் வேலைக்காக வெளியூரில் இருந்தபோது, சதாரா வீட்டில் அத்தையோடு நான்கு பையன்கள்: பீமராவ், அவருடைய அண்ணன், இறந்துபோன மூத்த அக்காவின் மகன்கள் இருவர். சமையலும் அவர்கள்தான். ரொட்டி சுடத் தெரியாது; அரிசியையும் கறியையும் ஒன்றாகப் போட்டுப் புலாவ் செய்து சாப்பிட்டார்கள். 1901இல் அப்பாவைப் பார்க்கக் கிளம்பி, மசூர் ரயில் நிலையத்தில் இறங்கி, வண்டிக்காரர் ஓட்ட மறுத்ததால் தாங்களே மாட்டுவண்டி ஓட்டி, இரவெல்லாம் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் தவித்ததும் இதே பையன்கள்தான்.

பிறகு பம்பாய். பரேலில் தொழிலாளர் குடியிருப்பில் ஒரே அறை. ஓய்வூதியத்தில் இரண்டு பையன்களைப் படிக்கவைக்க ராம்ஜியால் முடியவில்லை. அண்ணன் ஆனந்தராவ் பள்ளியை விட்டு வேலைக்குப் போனார். பீமராவுக்குப் புத்தகம் வேண்டுமென்றால் ராம்ஜி கட்டிக்கொடுத்த மகள்களின் வீட்டு வாசலில் போய் நிற்பார். கையில் பணமில்லாத மகள் நகையைக் கழற்றிக் கொடுப்பார். அது அடகுக்கடைக்குப் போகும். ஓய்வூதியம் வந்ததும் மீட்டுத் திருப்பிக் கொடுப்பார். 1907இல் பீமராவ் மெட்ரிக் தேறினார்.

ஆனந்தராவைத் தியாகி என்று சொல்லலாமா? எனக்குத் தயக்கம் உண்டு. தியாகம் என்றால் அவர் முன்னால் வேறொரு வழியும் இருந்திருக்க வேண்டும். களப்பணிக்குப் போகும் சேரிகளில் இன்றும் பார்க்கிறேன்: தம்பி கல்லூரியில், அக்கா மில்லில். “நீ ஏன்மா படிக்கல?” என்று கேட்டால் சிரிப்புதான் வரும். அந்தச் சிரிப்பை எந்தக் கணக்கெடுப்புப் படிவத்திலும் என்னால் எழுத முடிந்ததில்லை.

1913 பிப்ரவரியில் ராம்ஜி இறந்தார். அதே ஆண்டு பீமராவ் நியூயார்க் போனார். ஆனந்தராவ் தம்பியின் பெரிய நாட்களைக் காண அதிக காலம் இருக்கவில்லை. அவர் இறந்தபின் மனைவி லட்சுமிபாயும் பிள்ளைகளும் அம்பேத்கர் குடும்பத்தோடுதான் வாழ்ந்தார்கள். ரமாபாயும் லட்சுமிபாயும் ஒரே அடுப்பில் சமைத்த வீடு அது. ரமாபாய்க்காவது நாம் படம் வைக்கிறோம். லட்சுமிபாயின் பெயரை நம் கூட்டங்களில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.