விளக்குத்தூணும் நட்சத்திரக் குறியும்

மதுரையில் ஜவுளி எடுக்கப் போகிறவர்கள் கண்ணில் விளக்குத்தூண் படாமல் இருக்காது. கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக நட்ட தூண் அது. 1840-ஐ ஒட்டிய வருடங்களில் பழைய கோட்டையை இடித்து ஊரை விரித்தவர் அவர். அதற்கு அவர் கண்ட வழி ஒரு ஆஃபர்: மதிலை இடித்து அகழியைத் தூர்ப்பவருக்கே அந்த இடம் சொந்தம். மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்ற பெயர்கள் அந்த வேலையில் இருந்தவர்களுடையவைதான்.

கவனியுங்க, அதில் நிபந்தனை முன்னால், பரிசு பின்னால். இன்றைக்கு அதே தூணைச் சுற்றி ஆடித் தள்ளுபடி பேனர்களில் இது தலைகீழ். '50% ஆஃப்' கொட்டை எழுத்தில். 'அப்டூ'வும் நட்சத்திரக் குறியும் எறும்பு சைஸில். நம்ம கோடிங் பாஷையில் நட்சத்திரம் என்றால் 'இங்கே எது வேணும்னாலும் வரலாம்'. 'கண்டிஷன்ஸ் அப்ளை'க்கும் கிட்டத்தட்ட அதேதான் அர்த்தம்!

'அப்டூ' என்றால் 'வரை'. 50 என்பது உச்சவரம்பு. கடையில் பாதிச் சரக்குக்கு 5% கொடுத்தாலும் வாக்கியம் பொய்யில்லை. எம்.ஆர்.பி.யில் இருக்கும் 'மேக்சிமம்' என்பதும் உச்சவரம்புதான். ஆனால் அது காப்பது நம்மை, இது காப்பது கடைக்காரரை. எம்.ஆர்.பி. சும்மா வரவில்லை. 1977 பொட்டலப் பொருள் விதிகளின் கீழ் 'லோக்கல் டாக்சஸ் எக்ஸ்ட்ரா' என்று அச்சடிக்கவும் இடம் இருந்தது. வரி எவ்வளவு என்பது கடைக்காரர் வாயில் வந்ததுதான். 1990 திருத்தத்துக்குப் பிறகே 'எல்லா வரிகளும் உட்பட' கட்டாயமானது.

அடுத்து 'ஜீரோ பெர்சென்ட்' தவணை. 30,000 ரூபாய் டிவிக்கு ரொக்கம் கொடுத்தால் 2,000 குறைப்பார்கள், தவணைக்குக் குறைக்க மாட்டார்கள் என்றால் அந்த 2,000 தான் வட்டி. பூஜ்ய வட்டி என்று ஒன்றே கிடையாது, கிரெடிட் கார்டு தவணைகளில் அது பெரும்பாலும் பிராசஸிங் கட்டணத்தில் ஒளிந்திருக்கிறது என்று ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது.

பில்லின் அடியில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று இருக்கும். பழுதான பொருளுக்கு அது செல்லாது. 2019 நுகர்வோர் சட்டப்படி, பில்லில் கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள் திரும்ப எடுத்துப் பணம் தர வேண்டும். மறுத்தால் அது முறையற்ற வணிகம். 2022 விளம்பர நெறிமுறையில் இன்னொன்று: விளம்பரம் எந்த மொழியிலோ, நிபந்தனையும் அதே மொழியில் இருக்கணும். தமிழ் பேனருக்குக் கீழே பொடி இங்கிலீஷ் கூடாது. புகாருக்கு 1915.