மலிவு மறுவெளியீட்டின் வரலாறு: ஜாஸ் பெட்டித் தொகுப்புகளும் கோலார் தங்கவயலின் ஒரு புத்தகசாலையும்

இசைத்தட்டுச் சேகரிப்பில் ஒரு படிநிலை உண்டு. முதல் அச்சு இசைத்தட்டு உச்சியில் இருக்கும். மூல நாடாவிலிருந்து கவனத்தோடு எடுக்கப்பட்ட விலையுயர்ந்த மறுவெளியீடு அதற்கு அடுத்து வரும். நான்கு குறுந்தகடுகளில் எட்டு ஆல்பங்களை அடைத்துக் குறைந்த விலைக்கு விற்கப்படும் பெட்டித் தொகுப்பு கடைசிப் படியில் கிடக்கும். நவீன ஜாஸையும், 1950களின் இறுதியில் அதிலிருந்து கிளைத்த அவாண்-கார்ட் ஜாஸையும் பற்றிய எழுத்துகள் இந்தக் கடைசிப் படியை அரிதாகவே பொருட்படுத்துகின்றன. ஆனால் ஓர்னெட் கோல்மன், சார்லஸ் மிங்கஸ், மேக்ஸ் ரோச், எரிக் டால்ஃபி ஆகியோரின் இசை, முதல் அச்சை வாங்க இயலாத கேட்பாளரிடம் சென்று சேர்ந்ததில் இப்பெட்டிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. ஒரு படைப்பு யாரிடம் சென்று சேர்ந்தது என்பதும் அதன் வரலாற்றின் ஒரு பகுதி என்றால், மலிவு மறுவெளியீட்டை யார் செய்தார்கள், எந்த உரிமையில் செய்தார்கள், எதை விட்டுவிட்டார்கள் என்ற கேள்விகளைக் கேட்டே ஆகவேண்டும்.

இக்கேள்விகள் தமிழ் ஆய்வாளருக்குப் புதியவை அல்ல. கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப்ஸ் பகுதியில் இயங்கிய சித்தார்த்தா புத்தகசாலை, அயோத்திதாசப் பண்டிதரின் எழுத்துகளைச் சிறு நூல்களாக மறுபதிப்புச் செய்த வரலாற்றிலும் இவையே மையமாக உள்ளன. அமெரிக்கக் கறுப்பின வரலாற்றையும் இந்தியச் சாதி எதிர்ப்பு வரலாற்றையும் அருகருகே வைத்துப் பார்ப்பதற்கு நீண்ட மரபு உண்டு. ஜோதிராவ் ஃபுலே 1873இல் தமது ‘குலாம்கிரி’ நூலை, அடிமைமுறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்கர்களுக்குக் காணிக்கையாக்கினார். அம்பேத்கர் 1946இல் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் தோன்றிய தலித் பேந்தர் இயக்கம் பெயரையே கறுஞ்சிறுத்தைகளிடமிருந்து பெற்றது. அந்த மரபின் தொடர்ச்சியாக, ஒடுக்கப்பட்டோரின் முன்னோடிப் படைப்புகள் மறுவெளியீட்டில் அடைந்த கதியையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

முதலில் ஜாஸ் பெட்டிகளின் பொருளாதாரத்தைப் பார்க்க வேண்டும். இவை இரு வகைப்படும். முதல் வகை, உரிமையாளர்களே வெளியிடுபவை. சோனி நிறுவனத்தின் ‘ஒரிஜினல் ஆல்பம் கிளாசிக்ஸ்’, வார்னர் குழுமத்தின் ‘ஒரிஜினல் ஆல்பம் சீரீஸ்’ போன்ற வரிசைகளில் ஐந்து ஆல்பங்கள் தனித்தனி அட்டை உறைகளில், ஒரே பெட்டிக்குள் வரும். மூல நாடாக்கள் இந்நிறுவனங்களின் வசமே உள்ளன. செலவு ஏற்கெனவே திரும்பிவிட்ட பழைய பதிவுகளை மேலும் ஒருமுறை விற்பதே இங்கு நோக்கம்.

இரண்டாம் வகைக்கு ஐரோப்பியப் பதிப்புரிமைச் சட்டம் வழி திறந்தது. ஒலிப்பதிவுகளுக்கான பாதுகாப்பு அங்கே நீண்ட காலம் 50 ஆண்டுகளாக இருந்தது. 2011ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய ஆணை அதை 70 ஆண்டுகளாக நீட்டித்து, 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதற்குள் காலாவதியாகிவிட்ட பதிவுகளுக்கு உரிமை திரும்ப அளிக்கப்படவில்லை. எனவே 1962 இறுதிக்குள் வெளியான ஆல்பங்களை ஐரோப்பாவில் எவரும் மறுவெளியிடலாம். 1963க்குப் பிந்தியவற்றைத் தொட முடியாது. அமெரிக்காவில் நிலைமை நேர்மாறானது. 2018ஆம் ஆண்டின் இசை நவீனமயச் சட்டப்படி, 1957 முதல் 1972 பிப்ரவரி வரையிலான பதிவுகள் 2067 வரை பாதுகாக்கப்படுகின்றன. இந்தியச் சட்டம் வெளியீட்டிலிருந்து 60 ஆண்டுகளைத் தருகிறது. ஒரே ஆல்பம் ஒரு நாட்டில் பொதுச்சொத்தாகவும் மற்றொரு நாட்டில் தனிச்சொத்தாகவும் இருப்பது இப்படித்தான்.

இந்த 1962 என்னும் எல்லைக்கோடு, மலிவுப் பெட்டிகளின் வழியே ஜாஸைக் கற்கும் மாணவரின் வரலாற்று உணர்வை வடிவமைத்துவிடுகிறது. கோல்மன் அட்லாண்டிக் நிறுவனத்துக்காக 1959 முதல் 1961 வரை பதிவுசெய்த ஆல்பங்களில், 1962க்குள் வெளிவந்தவை கோட்டுக்கு இப்பால் நிற்கின்றன. ஆல்பர்ட் ஐலரின் ‘ஸ்பிரிச்சுவல் யூனிட்டி’ 1964 ஜூலையில் பதிவானது. ஜான் கோல்ட்ரேனின் ‘எ லவ் சுப்ரீம்’ அதே ஆண்டு டிசம்பரில் பதிவாகி 1965இல் வெளிவந்தது. இவ்விரண்டும் கோட்டுக்கு அப்பால் போய்விடுகின்றன. சிகாகோவில் 1965இல் முஹால் ரிச்சர்ட் ஏப்ரம்ஸ் முதலானோர் தொடங்கிய, ஏ.ஏ.சி.எம். எனச் சுருக்கி அழைக்கப்படும் இசைக்கலைஞர் சங்கத்தின் ஆக்கங்கள் முழுவதுமே அப்பால்தான். குடியுரிமை இயக்கம் தீவிரமடைந்து, கறுப்பின இசைக்கலைஞர்கள் தம் இசையின் உடைமையைக் குறித்துக் கூர்மையாகப் பேசத் தொடங்கிய ஆண்டுகளில் மலிவுப் பெட்டி மௌனமாகிவிடுகிறது. சட்டத்தின் தேதிக்கோட்டை இசையின் தேதிக்கோடாக வாசித்துவிடும் அபாயம் இதில் உள்ளது.

மலிவுப் பெட்டி விட்டுவிடுவது பிற்காலத்தை மட்டுமன்று. மேக்ஸ் ரோச்சின் ‘வீ இன்சிஸ்ட்!’ 1960இல் கேண்டிட் நிறுவனத்துக்காகப் பதிவானது. அவ்வாண்டு பிப்ரவரியில் கிரீன்ஸ்பரோ நகரில் நான்கு கறுப்பின மாணவர்கள் வெள்ளையருக்கு மட்டுமான உணவுமேசையில் அமர்ந்து, எழ மறுத்தனர். அப்போராட்டத்தை நினைவூட்டும் வகையில் ஆல்பத்தின் உறையில் ஓர் உணவுமேசைப் படம் இடம்பெற்றது. மேசையின் முன் மூன்று கறுப்பின ஆண்கள் அமர்ந்து படக்கருவியை நேராகப் பார்க்கின்றனர். பின்னால் வெள்ளைச் சீருடையில் பரிமாறுபவர் நிற்கிறார். தமிழகத்துத் தேநீர்க்கடைகளின் இரட்டைக் குவளை வழக்கத்தை அறிந்த வாசகருக்கு இப்படத்தின் பொருளை விளக்க வேண்டியதில்லை. இத்தகைய உறை எட்டு ஆல்பங்களுள் ஒன்றாகித் தபால்தலை அளவுக்குச் சுருங்கும்போதும், நேட் ஹென்டாஃப் எழுதிய உறைக்குறிப்பு நீக்கப்படும்போதும், அபே லிங்கனின் குரல் எதற்காக அப்படி வீறிடுகிறது என்பதற்கான வரலாற்றுச் சான்று கேட்பாளரிடமிருந்து அகன்றுவிடுகிறது.

கோல்மனின் ‘ஃப்ரீ ஜாஸ்’ இதற்கு இன்னொரு சான்று. 1960 டிசம்பர் 21 அன்று பதிவான இந்த ஆல்பத்தில் இரு நால்வர் குழுக்கள் ஒரே நேரத்தில் வாசிக்கின்றன. ஒன்று இடப்பக்க ஒலிவழியிலும் மற்றது வலப்பக்கத்திலும் கேட்கும். கோல்மன், டான் செர்ரி, ஸ்காட் லஃபாரோ, பில்லி ஹிக்கின்ஸ் ஒரு புறம். எரிக் டால்ஃபி, ஃப்ரெடி ஹப்பர்ட், சார்லி ஹேடன், எட் பிளாக்வெல் மறுபுறம். இப்பெயர்ப் பட்டியல் கையில் இல்லாமல் கேட்பவருக்கு எட்டுப் பேரின் உரையாடல் வெறும் இரைச்சலாகத் தோன்றக்கூடும். கலைஞர் பெயர், பதிவு நாள், இடம் ஆகியவை அச்சுச் செலவு கருதி நீக்கத்தக்க அலங்காரங்களாகக் கருதப்படும்போது ஏற்படும் இழப்பு இதுவே. மேலும், பாதுகாப்புக் காலம் முடிந்த பதிவுகளின் விற்பனையிலிருந்து, வாசித்த கலைஞருக்கோ அவர் குடும்பத்துக்கோ ஒலிப்பதிவு உரிமைத்தொகை செல்ல வேண்டிய சட்டக் கட்டாயமும் இல்லை.

கறுப்பின இசைக்கலைஞர்கள் இதை முன்பே உணர்ந்திருந்தனர். மிங்கஸும் ரோச்சும் 1952இல் டெபியூ என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினர். சன் ரா 1950களில் ஆல்டன் ஏப்ரகாமுடன் சேர்ந்து சாட்டர்ன் நிறுவனத்தை நடத்தினார். சார்லஸ் டாலிவரும் ஸ்டான்லி கவலும் 1971இல் ஸ்ட்ராட்டா-ஈஸ்ட்டைத் தொடங்கினர். பெருநிறுவனங்கள் அவாண்-கார்ட் ஜாஸைப் பெரிதும் கைவிட்டிருந்த நேரத்தில், 1975இல் இத்தாலியில் தோன்றிய பிளாக் செயிண்ட் நிறுவனமும் 1979இல் அதனோடு இணைந்த சோல் நோட்டும் இவ்விசைக்குப் புகலிடமாயின. அவற்றின் ஆல்பங்களை, 2008இல் உரிமை பெற்ற கேம் ஜாஸ் நிறுவனம் கலைஞர் வாரியாகத் தொகுத்துப் பெட்டிகளாக வெளியிட்டது. மலிவும் உரிமையும் ஒன்றுக்கொன்று பகையாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இப்பெட்டிகள் சான்று.

இனி தங்கவயல். 1880 முதல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனத்தின் மேலாண்மையில் வளர்ந்த அச்சுரங்க நகரில், வட ஆற்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து குடிபெயர்ந்த தமிழ்த் தொழிலாளர்கள் பெருந்திரளாக வாழ்ந்தனர். அவர்களுள் பெரும்பான்மையினர் ஒடுக்கப்பட்ட சாதியினர். சுரங்க அதிகாரிகளின் கிளப்புகளில் மேற்கத்திய நடன இசை ஒலித்தது. தொழிலாளர் குடியிருப்புகளான லைன்களில் வேறொரு பண்பாட்டு வாழ்வு உருவாகிக்கொண்டிருந்தது. அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃப்ஸிலும் வலுவான கிளைகள் அமைந்தன. 1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து அவர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ தன் விலையையே பெயராகச் சூடிக்கொண்ட வார இதழ். மலிவு என்பது அங்கே வெளிப்படையான கொள்கை. மறு ஆண்டில் அவ்விதழ் ‘தமிழன்’ எனப் பெயர் சுருங்கியது.

1914 மே 5 அன்று பண்டிதர் மறைந்தார். அவருக்குப் பின் சில காலம் தொடர்ந்த இதழ் பின்னர் நின்றுபோனது. 1926இல் அதற்கு மறுவாழ்வு கொடுத்தவர் தங்கவயலின் ஜி. அப்பாதுரையார். இதழ் இம்முறை தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. சித்தார்த்தா புத்தகசாலையோ ‘இந்திரர் தேச சரித்திரம்’ போன்ற, இதழில் தொடராக வந்த ஆக்கங்களைச் சிறு நூல்களாக்கியது. வார இதழ் படித்தபின் கைமாறி, நைந்து, மறையக்கூடியது. நூலாகும்போது அதே எழுத்து வீட்டில் தங்குகிறது. சங்கக் கூட்டத்தில் உரக்கப் படிக்கப்படுகிறது. அடுத்த தலைமுறைக்குக் கைமாறுகிறது. சென்னையின் அறிவுத்துறை அயோத்திதாசரை ஏறத்தாழ மறந்திருந்த பல பத்தாண்டுகளில், அவர் எழுத்து அச்சில் உயிர்வாழ்ந்ததற்கு இச்சுரங்க நகரம் ஒரு முதன்மைக் காரணம்.

ஐரோப்பிய ஜாஸ் பெட்டியும் தங்கவயல் சிறுநூலும் மலிவில் ஒத்தவை. எவர் கையில் உருவாயின என்பதில் வேறுபட்டவை. முன்னதை வெளியிடுபவருக்கு அப்படைப்போடு உள்ள உறவு, உரிமை காலாவதியான தேதியோடு தொடங்குகிறது. பின்னதை வெளியிட்டவர்கள் அவ்வியக்கத்தைச் சேர்ந்தவர்கள். படைப்பாளியின் பெயரை நிலைநிறுத்துவதே அவர்களுடைய நோக்கம். அதே வேளையில் இன்னொரு உண்மையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இயக்கத்தின் பதிப்புகள் தம் வட்டத்துக்கு வெளியே அதிகம் செல்லவில்லை. பல்கலைக்கழக நூலகங்கள் அவற்றைத் தேடி வாங்கவுமில்லை. உரிமையற்ற ஜாஸ் பெட்டியோ கண்டங்களைக் கடந்து சென்றது. பரவலும் பொறுப்பும் ஒரே பதிப்பில் கூடுவது அரிது.

இவ்விடத்தில்தான் சேகரிப்பாளர் வரலாற்றுக்குள் நுழைகிறார். மூல ஆவணங்கள் நிறுவனங்களிடம் பத்திரமாக இருக்கும் என்பது நம்பத்தக்கதன்று. 2008 ஜூன் 1 அன்று ஹாலிவுட்டில் யூனிவர்சல் வளாகத்தில் மூண்ட தீயில் மூல நாடாக்கள் அழிந்தன; அழிவின் முழு அளவு குறித்து இன்றும் கருத்து வேறுபாடு நிலவுகிறது. நாடா எரிந்துபோன ஒரு பதிவுக்கு, எவரோ வாங்கி வைத்திருக்கும் தட்டே எஞ்சிய சான்றாகிறது. ‘தமிழன்’ விஷயத்திலும் அன்பு பொன்னோவியம் போன்றோர் பாதுகாத்த இதழ்களும், பௌத்தக் குடும்பங்களில் தங்கியிருந்த சிறுநூல்களும் பின்னாளைய ஆய்வுக்கு அடித்தளமாயின. ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ முதலிரு தொகுதிகள், பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்தால் 1999இல் வெளியிடப்பட்டன. மூன்றாம் தொகுதி 2003இல் வந்தது. தமிழ்ச் சிந்தனை வரலாறு அதன்பின் வேறு விதமாக எழுதப்படலாயிற்று.

அத்தொகுதிகளில் கட்டுரைகளின் இறுதியில் இதழின் எண்ணும் வெளியான தேதியும் தரப்பட்டுள்ளன. ஒரு வரிகூட நிரம்பாத அந்தக் குறிப்பே, 1907 முதல் 1914 வரையிலான அவரது சிந்தனை எப்படி நகர்ந்தது என்பதை ஆண்டுவாரியாகப் பின்தொடர வழிசெய்கிறது. அதை அச்சிட ஆகும் செலவு மிகச் சொற்பம். ஜாஸ் பெட்டியில் கலைஞர் பெயரையும் பதிவு நாளையும் அச்சிட ஆகும் செலவும் அவ்வளவே. இன்று தமிழில் பழைய இதழ்களும் இசைத்தட்டுகளும் மின்னுருவாகிப் பெருந்திரளாகப் பகிரப்படுகின்றன. தேதியும் இதழ் எண்ணும் வெட்டப்பட்ட பக்கங்கள், பாடியவர் பெயரற்ற ஒலிக்கோப்புகள் அவற்றுள் பல. அவற்றைப் பகிரும் ஒவ்வொருவரும் ஒரு மலிவு மறுவெளியீட்டாளரே. சாம்பியன் ரீஃப்ஸ் புத்தகசாலையும் பாளையங்கோட்டைத் தொகுதிகளும் காட்டிய பொறுப்பில் ஒரு வரியளவாவது அவர்கள் ஏற்பார்களாயின், அடுத்த தலைமுறை ஆய்வாளர் தேடலைத் தொடங்குவதற்கு ஒரு முகவரி இருக்கும்.