செஞ்சிக் கோட்டையும் கடிதத்தில் வந்த பாடமும்

செஞ்சி என்றவுடன் நம் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ராஜா தேசிங்குதான். 1714-ல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி உயிர்விட்டவர். ஆனால் அதே கோட்டையில் போரில் அல்லாமல் நோயில் செத்தவர்களைப் பற்றி யாரும் கதைப்பாட்டு பாடவில்லை.

1750-ல் புஸ்ஸி தலைமையில் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். 1761-ல் ஆங்கிலேயரிடம் இழந்தார்கள். அந்தப் பத்து வருடத்தில் 1,200 ஐரோப்பிய சிப்பாய்களைப் பறிகொடுத்தார்கள் என்கிறார் அக்கால வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம். அவர் காட்டும் காரணம், அந்த ஊர்க் காற்று!

அன்றைக்கு எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். மலேரியா என்ற இத்தாலியச் சொல்லுக்கே 'கெட்ட காற்று' என்றுதான் அர்த்தம். 1897-ல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ், கொசுவின் வயிற்றில் அந்தக் கிருமியைக் கண்டார். 'காற்று' கதை அதோடு முடிந்தது.

இதில் சுவையான விஷயம், ராஸின் குரு பேட்ரிக் மேன்சன் இருந்தது லண்டனில். 1895-ல் ராஸ் இந்தியா திரும்பியபின், பாடமும் சந்தேகமும் கடிதத்திலேயே போய் வந்தன. கப்பல் தபாலில் நடந்த தொலைதூரக் கல்வி என்றே சொல்லலாம். மேன்சன் 1899-ல் தொடங்கிய பள்ளிதான் இன்றைய லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீன் அண்ட் ட்ராபிகல் மெடிசின். 1998 முதல் அது தொலைதூர முறையிலும் முதுகலைப் படிப்பு தருகிறது. பொதுச் சுகாதாரத்தை இன்று செஞ்சியில் உட்கார்ந்தபடி ஆன்லைனில் படிக்கலாம்.

"ஆஸ்பத்திரி பார்க்காமல் என்ன படிப்பு?" என்று கேட்பவர்கள் உண்டு. அறுவை சிகிச்சைக்கு அந்தக் கேள்வி சரி. பொதுச் சுகாதாரத்தில் நோயாளி ஒரு ஆள் அல்ல, ஒரு ஊர். அந்த 1,200-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் எத்தனை பேரில் 1,200? எந்த மாதங்களில்? எந்தத் தண்ணீரைக் குடித்தார்கள்? உள்ளூர்க்காரர்களும் அதே அளவு செத்தார்களா? இவை தெரியாமல் காற்றையும் குறை சொல்ல முடியாது, கொசுவையும் குறை சொல்ல முடியாது.

"இந்த வருஷம் எங்க தெருவில் காய்ச்சல் ஜாஸ்தி" என்று நாம் சொல்வதும் ஓர்ம் சொன்னது மாதிரிதான். கேள்வி கேட்கக் கற்றுக்கொடுக்கும் வாத்தியார் கடல் தாண்டி இருக்கலாம். ஆனால் தொட்டியைத் திறந்து பார்க்கவும், வீடு வீடாகப் போய் எண்ணவும் ஆள் ஊரிலேயே வேண்டும். ராஸ் இங்கே இருந்ததால்தான் மேன்சனின் பாடம் பலித்தது.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் நண்பர்களே?