கழித்துக் கண்ட கணக்கு

மீ.பெ.கா., மீ.சி.ம. என்ற இரண்டு மந்திரங்களையும் உச்சரிக்காமல் பள்ளிக்கூடத்தைத் தாண்டி வந்தவர் நம்மில் அநேகமாக இருக்க முடியாது. மீப்பெரு பொதுக் காரணி, மீச்சிறு பொது மடங்கு என்று விரித்துச் சொன்னாலும் மந்திரம் நீளுகிறதே தவிர, அர்த்தம் விளங்குவதில்லை. இவை எதற்கு என்று கேட்கும் பையனுக்கு, பரீட்சைக்கு என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. சரித்திரத்தைப் புரட்டினால் வேறு பதில்கள் இருக்கின்றன.

கி.மு. 300-ஐ ஒட்டி, கிரேக்க அறிஞர் யூக்ளிட் தமது ‘மூலங்கள்’ என்ற நூலின் ஏழாம் புத்தகத்தில் எண்களைக் கோடுகளாகவே பாவித்தார். சிறிய கோட்டால் பெரியதை அள. மிச்சத்தால் சிறியதை அள. இப்படியே போனால் இரண்டையும் மிச்சமில்லாமல் அளக்கும் மிகப் பெரிய அளவுகோல் அகப்படும் என்றார்.

ஹான் வம்சத்தார் காலத்தில் உருப்பெற்ற ‘ஒன்பது அத்தியாயங்கள்’ என்ற சீனக் கணித நூல், வயல் அளக்கும் அத்தியாயத்தில் இதே வழியைச் சொல்கிறது. 91-இல் 49 பங்கு என்ற பின்னத்தைச் சுருக்க வேண்டும். காரணிகளைத் தேடி அலைய வேண்டாம். கழித்துக்கொண்டே போனால் போதும். 91-இல் 49 போனால் 42. 49-இல் 42 போனால் 7. 42-இலிருந்து ஏழேழாகக் கழித்துவந்தால், கடைசியில் ஏழும் ஏழும் எதிரெதிரே நிற்கும். அந்த ஏழால் வகுத்தால், 13-இல் 7 பங்கு. எவ்வளவு சுலபம், பாருங்கள்!

நம் தேசத்துக்கு வருவோம். 9-ஆம் நூற்றாண்டில், ராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில், மகாவீரர் என்ற ஜைனக் கணிதர் ‘கணித ஸார ஸங்கிரகம்’ இயற்றினார். பின்னங்களைக் கூட்டுவதற்கு மீச்சிறு பொது மடங்கு காணும் முறையைச் சொல்லி, அதற்கு ‘நிருத்தம்’ என்று பெயரும் வைத்தார். ரங்காசாரியரின் ஆங்கில மொழிபெயர்ப்போடு இந்நூல் 1912-இல் சென்னையில் அச்சாயிற்று. அதில் காதலர் ஊடலில் அறுந்து சிதறிய முத்துமாலை கூட ஒரு பின்னக் கணக்கு! கதை எழுதிப் பிழைக்கும் எனக்கு அந்த வாத்தியாரிடம் கொஞ்சம் பொறாமைதான்.

இவர்களெல்லாம் தேவையை முன்னே வைத்தார்கள். விதி பின்னே வந்தது. நாமோ விதியை முன்னே நிறுத்துகிறோம். 91 அங்குல நீளமும் 49 அங்குல அகலமும் உள்ள திண்ணைக்கு, ஒன்றையும் உடைக்காமல் பதிக்கக்கூடிய மிகப் பெரிய சதுரக் கல் எது என்று கேளுங்கள். ஆறு நாளுக்கொரு முறை வரும் பூக்காரியும், எட்டு நாளுக்கொரு முறை வரும் வளையல்காரரும் இன்று ஒன்றாக வந்தார்கள். மறுபடி என்றைக்குச் சேர்ந்து வருவார்கள் என்று கேளுங்கள். ஆறும் எட்டும் பெருக்கி நாற்பத்தெட்டு என்று ஒரு குழந்தை சொல்லும்; இருபத்துநாலாம் நாளே வந்துவிடுவார்களே என்று இன்னொன்று மறுக்கும். அந்தச் சண்டையில்தான் பாடம் பிறக்கிறது. பெயரை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

பத்து வயதிலேயே, “எனக்குக் கணக்கு வராது” என்று தீர்மானித்துவிடும் குழந்தைகள் எத்தனை பேர்! பல சமயங்களில் அவர்களுக்கு வராமல் போனது கணக்கு அல்ல, கணக்கின் காரணம்தான்.