பாக் நீரிணை நீச்சலும் எலும்பு நலமும்

பாக் நீரிணையை முதலில் நீந்திக் கடந்தவர் யாழ்ப்பாணத்து மு. நவரத்தினசாமி. 1954-இல் வல்வெட்டித்துறையில் இறங்கி, சுமார் 27 மணி நேரம் நீந்திக் கோடியக்கரையில் ஏறினார். 1966-இல் மிகிர் சென் தலைமன்னாரிலிருந்து புறப்பட்டு, புயல் அழித்து ஒன்றரை ஆண்டுகூட ஆகாத தனுஷ்கோடிக்கு வந்து சேர்ந்தார். வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971-இல் போகவர 51 மணி நேரம் நீந்தினார். பிறகு வயது இறங்கத் தொடங்கியது. 1994-இல் கடந்த குற்றாலீசுவரனுக்கு வயது 12. 2019-இல் கடந்த தேனிச் சிறுவனுக்கு 10.

நெடுநேர நீச்சலில் படகைத் தொட்டால் முயற்சி செல்லாது. அரைமணிக்கு ஒருமுறை கயிற்றில் கட்டிய பாட்டிலை வீசுவார்கள். நீந்துபவர் மல்லாந்து மிதந்தபடி மாவுச்சத்துக் கரைசலைக் குடித்துவிட்டுக் கையை வீசத் தொடங்குவார். மணிக்கு 30 முதல் 60 கிராம், நீண்ட தூரத்துக்கு 90 கிராம் வரை மாவுச்சத்து தேவை என்பது இன்றைய கணக்கு. கடக்கும் நாளுக்கு இது போதும். எலும்பின் கணக்கோ, அதற்கு முந்தைய மாதக்கணக்கான பயிற்சியில் இருக்கிறது.

சுமை ஏறினால்தான் எலும்பு உரம்பெறும் என்பதை ஜெர்மானிய அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892-இல் விதியாகவே எழுதினார். நீரோ உடலைத் தாங்கிவிடுகிறது. ஓட்டக்காரர்களையும் ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர்களையும்விட நீச்சல்காரர்களின் எலும்பு அடர்த்தி குறைவு. பல ஆய்வுகளில் விளையாட்டே இல்லாதவர்களைவிட மேலாகவும் இல்லை.

பசி இதோடு சேர்ந்தால் ஆபத்து. மாதவிடாய் நின்ற வீராங்கனைகளின் முதுகெலும்பு அடர்த்தி குறைந்திருப்பதை 1984-இல் பார்பரா டிரிங்க்வாட்டர் குழு காட்டியது. உணவுக் குறை, மாதவிடாய்க் கோளாறு, எலும்புத் தேய்வு மூன்றும் ஒன்றையொன்று இழுத்து வருபவை என 1992-இல் அமெரிக்க வல்லுநர்கள் வகுத்தனர். ஆண்களுக்கும் இது உண்டு என்று சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இல் விரித்துச் சொன்னது. உண்ட கலோரியில் பயிற்சிச் செலவைக் கழித்தால், கொழுப்பு நீங்கிய உடல் எடையில் கிலோவுக்கு 45 கலோரி மிஞ்ச வேண்டும். 30-க்குக் கீழே போனால் உடல் எலும்பில் கைவைக்கும்.

சிறு வயதுச் சாதனைகளைக் கொண்டாடும்போது கவலை வருவது இதனால்தான். உயரம் வேகமாகக் கூடும் இரண்டு ஆண்டுகளில் மட்டுமே முதிர்ந்த எலும்பின் சுமார் கால் பங்கு சேர்கிறது. அந்த வயதில் கைக்கடிகாரத்தை மட்டும் பார்த்துத் தட்டைப் பார்க்காத பயிற்சி அநியாயம்.

தட்டுக்கு வேண்டியது தமிழகக் கரையிலேயே கிடைக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. பெரியவருக்கு நாளொன்றுக்கு 1,000 போதும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். கேழ்வரகை முளைகட்டி அரைத்தால் அதன் கால்சியம் உடலில் கூடுதலாகச் சேரும். நெத்திலிக் கருவாட்டை முள்ளோடு தின்பதால் அந்த முள்ளே கால்சியம். சாயல்குடி, கடலாடிப் பனங்காடுகளில் பதநீர் புளிக்காமலிருக்கக் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவார்கள். அந்தச் சுண்ணாம்பிலிருந்தும் பதநீரில் கால்சியம் இறங்குகிறது.

உணவு பாதி வேலையைத்தான் செய்யும். அதனால் நீச்சல் பயிற்சியாளர்கள் பலர் கயிறு தாண்டுதல், எடை தூக்குதல் போன்ற தரைப் பயிற்சிகளையும் வாரத்தில் சில நாள் சேர்க்கிறார்கள்.