ரூபிஸ்கோ என்னும் பெயர்

காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்துச் சர்க்கரையாகும் வழியில் ஏற்றிவிடுகிற புரதத்துக்கு இன்று உலகமெங்கும் ரூபிஸ்கோ என்று பெயர். வேலை மிகப் பழையது. பெயர் 1979இல் பிறந்தது. தாவர உயிர்வேதியியலாளர் சாம் வைல்ட்மன் பணி ஓய்வு பெற்றதையொட்டி அமெரிக்காவில் ஒரு கருத்தரங்கு நடந்தது. புகையிலை இலையிலிருந்து இந்தப் புரதத்தைப் பிரித்து மனிதர் உண்ணும் உணவாக்க முயன்றவர் அவர். அதை மனத்தில் வைத்து, நபிஸ்கோ என்னும் பிஸ்கட் கம்பெனியின் பெயரைப்போல் ஒலிக்கும்படி ‘ரூபிஸ்கோ’ என்று விளையாட்டாகச் சொன்னார் டேவிட் ஐசன்பர்க். சொல் ஒட்டிக்கொண்டது.

ஒட்டிக்கொண்டதற்குக் காரணம், அதன் ஒவ்வோர் அசைக்கும் வேதியியலில் இடம் இருந்ததுதான். முழுப்பெயர் ரிபுலோஸ்-1,5-பிஸ்பாஸ்பேட் கார்பாக்சிலேஸ்/ஆக்சிஜனேஸ். ரிபுலோஸின் சுருக்கம் ‘ரூ’, அடுத்தது ‘பிஸ்’, கடைசி இரண்டு சொற்களின் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்து ‘கோ’.

‘பிஸ்’ இருக்கும் இடத்தில் முன்பு ‘டை’ இருந்தது. இரண்டு பாஸ்பேட்டும் ஒன்றோடொன்று இணையாமல் சர்க்கரையின் இரு முனைகளில் தனித்தனியே நிற்பதால் மாற்றினார்கள். கார்பாக்சிலேஸ் என்பது 1950களின் அறிவு. வேதியியலாளர் கால்வினின் பெர்க்லி ஆய்வகம் கதிரியக்கக் கார்பனைக் கொண்டு, கரியமில வாயு சர்க்கரையாகும் பாதையைத் துப்புத் துலக்கிய காலம் அது.

‘ஓ’ வந்து சேர்ந்த கதைதான் பெரிது. 1971இல் இலினாய் பல்கலைக்கழகத்தில் போவ்ஸ், ஆக்ரன், ஹேக்மன் மூவரும் இந்த நொதி ஆக்சிஜனையும் பிடிக்கிறது என்று காட்டினார்கள். அப்படிப் பிடிக்கும்போது செடிக்கு உதவாத ஒரு பொருள் உருவாகிறது. அதை மீட்டெடுக்கும் பாதை பசுங்கணிகத்தில் தொடங்கி, பெராக்சிசோம், மைட்டோகாண்ட்ரியா என்று சுற்றித் திரும்புகிறது. வழியில் கரியமில வாயு கொஞ்சம் வெளியேறுகிறது. அதோடு அம்மோனியாவும் பிரிகிறது. நெல், கோதுமை போன்ற பயிர்களில் இந்த அம்மோனியா, வேர் புதிதாகக் கொண்டுவரும் நைட்ரஜனைவிடப் பல மடங்காகக்கூட இருக்கலாம். பசுங்கணிகத்தில் காத்திருக்கும் குளூட்டமின் சிந்தெட்டேஸ் என்னும் நொதி அதை உடனுக்குடன் பிடித்துத் திரும்பச் சேர்க்காவிட்டால் செடி தாங்காது. கார்பனின் கணக்கும் நைட்ரஜனின் கணக்கும் ஒரே ஏட்டில் எழுதப்படும் இடம் இது.

ஆனால் பெயரில் கார்பனும் ஆக்சிஜனும் இருக்கின்றன, நைட்ரஜன் இல்லை. இது எனக்கு உண்மையிலேயே குறையாகப் படுகிறது. இதற்கெல்லாம் முன்னால், 1947இல், வைல்ட்மனும் ஜேம்ஸ் பானரும் கலிபோர்னியாவில் பசலைக்கீரையின் புரதங்களைப் பிரித்தபோது ஒன்று மட்டும் மலைபோல் குவிந்தது. இன்றைய ரூபிஸ்கோவான அதற்கு ‘முதல் கூற்றுப் புரதம்’ என்று பெயரிட்டார்கள். என்ன வேலை செய்கிறது என்று அப்போது தெரியாது. இலையில் அதுதான் மிகுதி என்று மட்டும் தெரிந்தது. அந்த எளிய பெயரைத்தான் நான் உயர்த்திச் சொல்வேன். மிகுதி என்பதே இங்கே முக்கியமான செய்தி.

ரூபிஸ்கோ மெதுவான நொதி. நெல் போன்ற செடிகளில் ஒரு வினைமையம் நொடிக்கு ஏறத்தாழ மூன்று கரியமில வாயு மூலக்கூறுகளையே கையாளும். வேகக் குறையைச் செடி எண்ணிக்கையால் ஈடுகட்டுகிறது. ஆகவே இலையின் மொத்த நைட்ரஜனில் ஏறக்குறைய கால்பங்கு இந்த ஒரே புரதத்தில் கிடக்கிறது. அதைக் கட்டுவதும் லேசல்ல: எட்டுப் பெரிய துண்டுகளுக்கான மரபணு பசுங்கணிகத்தில், எட்டுச் சிறிய துண்டுகளுக்கானவை உட்கருவில். இலையில் சர்க்கரை தேங்கினால் உட்கரு தன் பங்கைக் குறைத்துக்கொள்கிறது. நைட்ரஜன் தாராளமாகக் கிடைத்தால் புரதம் பெருகுகிறது.

நம் உழவர்கள் நைட்ரஜன் உரத்தைத் தழைச்சத்து என்கிறார்கள். ஆய்வகப் பெயர்கள் விட்டுவிட்டதை இந்தச் சொல் பிடித்துவைத்திருக்கிறது: அந்தச் சத்து போய்ச் சேரும் இடம் தழை. இலை வண்ண அட்டையை நெல்லின் இலையோடு ஒப்பிட்டு, நிறம் வெளுத்திருந்தால் யூரியாவை மேலுரமாக இடுவதும் இதே கணக்கில்தான். கதிர் வந்தபின் செடி ரூபிஸ்கோவைத் தானே உடைத்து, அமினோ அமிலங்களாக்கி, மணிக்கு அனுப்புகிறது. நெல்மணியிலுள்ள நைட்ரஜனில் பெரும்பகுதி அப்படி இலைகளிலிருந்து இறங்கி வந்தது.