பூட்டானின் பாதுகாப்பும் இந்திய–சீனப் போட்டியும்

பூட்டான் கிழக்கு இமயமலையில் அமைந்த சிறிய முடியரசு. வடக்கே சீன ஆட்சியில் உள்ள திபெத்தும் மற்றப் பக்கங்களில் இந்தியாவும் இதன் எல்லைகள். பரப்பளவு ஏறத்தாழ 38,000 சதுர கி.மீ.; மக்கள்தொகை எட்டு இலட்சத்துக்கும் குறைவு. கடற்கரையும் விமானப்படையும் கிடையாது. இந்தியாவுடன் ஒப்பந்த வழியிலான நெருக்கம், சீனாவுடன் தூதரக உறவு இல்லாமலே நடக்கும் எல்லைப் பேச்சு ஆகிய இரண்டும் இதன் பாதுகாப்புக் கொள்கையின் தூண்கள்.

புவியியல் பின்னணி

சிக்கிமுக்கும் பூட்டானுக்கும் நடுவே திபெத்தின் சும்பிப் பள்ளத்தாக்கு தெற்கு நோக்கி நீண்டு கிடக்கிறது. அதற்குத் தெற்கே உள்ளது சிலிகுரி நிலவழி. இந்தியாவின் வடகிழக்கு மாநிலங்களை நாட்டின் மற்றப் பகுதியோடு இணைக்கும் இவ்வழியின் அகலம் மிகக் குறுகிய இடத்தில் சுமார் 22 கி.மீ. மட்டுமே. இதனால் பூட்டானின் மேற்கு எல்லையிலுள்ள டோக்லாம் போன்ற மேய்ச்சல் மேடுகள், அவற்றின் பரப்புக்குப் பொருந்தாத படைத்துறை மதிப்பைப் பெற்றுள்ளன.

ஒப்பந்தங்கள்

1910ஆம் ஆண்டு புனாகா ஒப்பந்தத்தின்படி வெளியுறவில் பிரித்தானிய இந்தியாவின் ஆலோசனைக்கு இணங்க பூட்டான் ஒப்புக்கொண்டது. உள்நாட்டு நிர்வாகத்தில் தலையிடுவதில்லை என்று பிரித்தானியர் உறுதியளித்தனர். விடுதலை பெற்ற இந்தியாவுடன் 1949இல் கையெழுத்தான நட்புறவு ஒப்பந்தமும் இதே ஏற்பாட்டைத் தொடர்ந்தது.

திபெத் சீனாவின் பிடிக்குள் வந்ததும், 1959இல் அங்கு எழுந்த கிளர்ச்சி ஒடுக்கப்பட்டதும் பூட்டானை அச்சுறுத்தின. திபெத்துடனான நெடுநாள் வணிக வழிகளை மூடிய அரசு, தெற்கு நோக்கித் திரும்பியது. 1961இல் இந்திய எல்லைச் சாலை அமைப்பின் ‘தந்தக்’ திட்டம் பூட்டானில் சாலைப் பணியைத் தொடங்கியது. பூட்டான் படைக்குப் பயிற்சி தரும் இந்திய ராணுவக் குழு ஹா பள்ளத்தாக்கில் நிலைகொண்டது.

இந்தியாவின் ஆதரவோடு பூட்டான் 1971இல் ஐ.நா. உறுப்பு நாடானது. அண்டை முடியரசான சிக்கிம் 1975இல் இந்தியாவுடன் இணைந்தபோது, தன் தனி இறையாண்மையை உலக அரங்கில் நிலைநாட்டியிருந்ததன் பயன் பூட்டானுக்கு விளங்கியது. 2007இல் திருத்தப்பட்ட ஒப்பந்தத்திலிருந்து ‘ஆலோசனைக்கு இணங்குதல்’ நீக்கப்பட்டது. ஒருவர் நாட்டின் பாதுகாப்புக்குத் தீங்கு செய்ய மற்றவர் தம் மண்ணைப் பயன்படுத்த விடக்கூடாது என்ற கடப்பாடு இடம்பெற்றது.

சீனாவுடன் எல்லைப் பேச்சு

1984 முதல் பூட்டான் சீனாவுடன் நேரடியாகப் பேசிவருகிறது. வடக்கே ஜகர்லுங், பசம்லுங் பள்ளத்தாக்குகளில் 495 சதுர கி.மீ.யும், மேற்கே டோக்லாம் உள்ளிட்ட 269 சதுர கி.மீ.யும் முக்கியத் தகராற்றுப் பகுதிகள். மேற்குப் பகுதியை விட்டுக்கொடுத்தால் வடக்கில் தன் உரிமைக்கோரலைக் கைவிடுவதாக 1990களில் சீனா முன்வந்தது. பரப்பளவில் பூட்டானுக்கு ஆதாயமான இந்தப் பரிமாற்றம், சும்பிப் பள்ளத்தாக்கில் சீனாவின் நிலையை வலுப்படுத்தும் என்பதால் இந்தியாவுக்கு உவப்பற்றது. உடன்பாடு எட்டப்படவில்லை. 1998இல் எல்லையில் அமைதி காக்கும் ஒப்பந்தம் ஒன்று மட்டும் கையெழுத்தானது. 2020இல் சீனா கிழக்கே சக்தெங் வனவிலங்குச் சரணாலயம் மீதும் உரிமை கோரியது.

டோக்லாம் நெருக்கடி

2017 ஜூனில் டோக்லாமில் சீனப் படையினர் சாலை அமைக்க முற்பட்டனர். இந்திய வீரர்கள் சிக்கிம் பக்கமிருந்து வந்து தடுத்தனர். 1998 ஒப்பந்தம் மீறப்பட்டதாக பூட்டான் சீனாவிடம் எதிர்ப்புத் தெரிவித்தது. அதற்குமேல் பெரும்பாலும் பேசாமல் இருந்தது. இழுபறி ஆகஸ்ட் 28 அன்று முடிவுக்கு வந்தது. அதன்பின் அப்பகுதியில் சீனா சாலைகளையும் குடியிருப்புகளையும் அமைத்திருப்பதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டுகின்றன.

உள்நாட்டு விளைவுகள்

2003 டிசம்பரில் தென் பூட்டான் காடுகளில் முகாமிட்டிருந்த உல்பா முதலிய இந்தியக் கிளர்ச்சிக் குழுக்களை மன்னர் ஜிக்மே சிங்யே வாங்சுக் தலைமையில் பூட்டான் படை வெளியேற்றியது. அண்டை நாட்டின் உள்நாட்டுப் பூசல், சிறு நாட்டைப் போருக்கு இழுத்த நிகழ்வு இது.

2012இல் பிரதமர் ஜிக்மி தின்லே சீனப் பிரதமர் வென் ஜியாபாவோவைச் சந்தித்தார். மறு ஆண்டு தேர்தல் வேளையில் சமையல் எரிவாயு, மண்ணெண்ணெய்க்கான இந்திய மானியம் நின்றது. பூட்டானில் பலர் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்த்தனர். தின்லேயின் கட்சி தோற்றது. பூட்டான் நாணயமான ங்குல்ட்ரம் இந்திய ரூபாய்க்குச் சமமாக நிறுத்தப்பட்டிருப்பதும், சுக்கா, தாலா போன்ற புனல் மின்நிலையங்களின் மின்சாரத்தை இந்தியா வாங்குவதும் இந்தச் சார்பின் ஆழத்தைக் காட்டுகின்றன.

தற்போதைய நிலை

ஐ.நா. பாதுகாப்பு அவையின் ஐந்து நிரந்தர உறுப்பு நாடுகளில் எதனுடனும் பூட்டானுக்கு முறையான தூதரக உறவு இல்லை. சீனாவுக்கு மட்டும் மறுப்பதாகத் தோன்றாமல் இருக்க இந்தப் பொது விதி உதவுகிறது. 2021 அக்டோபரில் எல்லைப் பேச்சை விரைவுபடுத்தும் மூன்று படிநிலைத் திட்டத்தில் பூட்டானும் சீனாவும் கையெழுத்திட்டன. வடக்கு எல்லையை இருவரும் பேசித் தீர்க்க இயலும். மூன்று நாடுகளின் எல்லை கூடும் டோக்லாமின் நிலை வேறு. அதை மூன்று நாடுகளும் சேர்ந்தே தீர்க்கவேண்டும் என்று 2023இல் பிரதமர் லோட்டே ஷெரிங் கூறினார். ஆகவே மேற்கு எல்லைத் தீர்வு, பூட்டானின் விருப்பத்தைவிட டெல்லிக்கும் பெய்ஜிங்குக்கும் இடையிலான உறவையே பெரிதும் பொறுத்தது.